எங்கயாவது உறுத்துதா?

என் அண்ணி கால் டாக்டர். முதல் சில வருஷங்கள் கால் ஆணி எடுப்பதிலும், சதைக்குள் வளர்ந்த நகத்தை வெட்டுவதிலுமே போயின. முன்னறையில் உட்கார்ந்து பெயர் எழுதிய எனக்குக் கொட்டாவி விடுவதுதான் முக்கிய வேலை. ஷூவுக்குள் வைக்கும் இன்சோலை அளவெடுத்துச் செய்துதரலாம் என்று அண்ணி சொன்னால், வந்தவர்கள் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவார்கள். எலும்பு, வளைவு, சாய்வு என்று பாடம் நடத்தினால் யார்தான் நிற்பார்கள்?

பிறகு ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார், ஆளே மாறிவிட்டார். இப்போது ஒரே கேள்விதான். "இந்தக் கால் வலியால நீங்க எதை விட்டுட்டீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். மாடி ஏறுவதை விட்டவர், பேரனைத் தூக்குவதை விட்டவர் என்று ஆளாளுக்குக் கொட்டித் தீர்ப்பார்கள். இன்சோல் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். கூட்டம் அலைமோதியது.

வேலையையும் அண்ணி பிரித்து வைத்தார். முதல் தடவை பேச்சும், நுரைப்பெட்டியில் மிதிக்கவைத்து எடுக்கும் பாதத்தின் அச்சும். அடுத்த தடவை இன்சோலைப் போட்டு நடக்கவிட்டு, "எங்கயாவது உறுத்துதா?" என்று கேட்பது. இல்லை என்றால் அனுப்பிவிடலாம். சுகர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நேரத்தை விழுங்கியது. அதைத் தூக்கிச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்.

"அதுக்குன்னு தனியா வருவாங்களா அண்ணி?" என்றேன்.

"வருவாங்க. நடுவுல உறுத்தினா அவங்களே சொல்ல மாட்டாங்களா? நான்தான் வாய்விட்டுக் கேக்கறேனே."

எதிர்க்கடை சலூன்காரருக்குச் சுகர். நாள் முழுக்க நின்று பிழைப்பவர். எதை விட்டீர்கள் என்ற கேள்விக்கு, "நிக்கறத விட்டா சோத்துக்கு என்ன பண்றது டாக்டரம்மா?" என்றார். இன்சோல் வந்தது, போட்டு நடந்தார். உறுத்துதா என்று கேட்டதற்கு, "காலுக்குக் கீழ ஒண்ணு இருக்கறதே தெரியலம்மா" என்றார். அண்ணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சவரத்துக்கு உட்கார்ந்தவர்களிடமெல்லாம் எங்கள் புராணம் பாடி, பாதிப் பேரை இங்கே அனுப்பினார் அவர். சனிக்கிழமை சோதனைக்கு மட்டும் வரவில்லை. சனிக்கிழமை சலூனில் மூச்சுவிட நேரமிருக்குமா? எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

இன்சோலின் மேல்துணி ஓரத்தில் மடிந்து, சுண்டுவிரலுக்குக் கீழே அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. துவைக்க எடுத்த சாக்ஸில் அவர் மனைவிதான் சீழைப் பார்த்தார். மருத்துவமனையில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தத்தையும்.

அண்ணி பார்க்கப் போனபோது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சலூன்காரரோ, "உங்க மேல தப்பில்லம்மா. நீங்க கேட்டீங்க, நான்தான் சொல்லல" என்றாராம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பார்.

போன வாரம், ஊன்றுகோலும் மனைவியின் தோளுமாக அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மிச்சமிருக்கும் காலைக் காட்ட வந்திருந்தார்.

"இதாவது நிக்கணும் டாக்டரம்மா. உக்காந்துக்கிட்டு முடி வெட்ட முடியாது."

அண்ணி அவரைச் சாய்த்து உட்காரவைத்து, ஷூவையும் சாக்ஸையும் தன் கையாலேயே கழற்றினார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்குங்க. இதால தொடுவேன். தொடறப்பல்லாம் சொல்லுங்க."

பெருவிரல், நடுப்பாதம், குதிகால் என்று, இழை வளையும்வரை அழுத்திக்கொண்டே போனார். சலூன்காரர் கண்ணை இறுக மூடி, மிகவும் கவனமாக உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரலுக்குக் கீழேயும் தொட்டாயிற்று. இன்னொரு முறை, முதலிலிருந்து தொட்டார். மனைவி தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் தயார்ம்மா," என்றார் அவர். "ஆரம்பிங்க."