சூடாயிருந்த இஞ்சின்

பழைய டிராக்டர் வாங்கப் போனால் பானெட்டைத் தொட்டுப் பார்க்காமல் விலை பேசக் கூடாது என்று என் வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜில்லென்று இருந்தால் நம் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம், வண்டியின் லட்சணம் தெரிந்துவிடும். சூடாக இருந்தால், காலையில் திணறுகிற வண்டியை நாம் வருவதற்குள் ஓட்டித் தயார்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம்.

வேலம்பாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் டேபிள் என் பொறுப்பு. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து, ஒரே ஒரு பீஸில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்து, லாட் முழுவதும் ரிஜெக்ட் என்று முகத்தைச் சுளிப்பார்கள். எல்லாம் விலையைக் குறைக்கத்தான். அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. அதே வித்தையைத்தான் ஊத்துக்குளிப் பக்கத்தில் டிராக்டர் விலைக்கு வந்திருந்த தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். மாமனார் விட்டுப்போன தென்னந்தோப்பை உழ, வாடகை வண்டிக்காரர்களைக் கெஞ்சி எங்களுக்கு அலுத்திருந்தது. காரில் போகும்போதே எனக்கு உத்தரவு: “நான் பேசறப்ப நீ வாயே தொறக்காத.”

டிராக்டரின் சொந்தக்காரருக்கு வயதாகிவிட்டது. முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று விற்கிறார். விலை பேசுவதைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிகளும் வந்திருந்தார்கள். இவர் டயரைக் குனிந்து பார்த்தார், ஸ்டியரிங்கை ஆட்டினார், ஆயில் கசிகிறதா என்று அடியில் படுத்தே பார்த்துவிட்டார். ஒரு குறையும் அகப்படவில்லை.

பெரியவரின் வீட்டம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். சமையல் மேடையில் ஒரு தட்டில் தேங்காய் மூடியும் குங்குமமும் இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்தவர், “காலையில கருப்பராயன் கோயிலுக்கு வண்டிய ஓட்டீட்டுப் போயிட்டு வந்தாருங்க அம்மிணி. ஊட்ட விட்டுப் போறதுக்கு முன்னால கும்புட்டு அனுப்போணுமில்லீங்களா? வாங்கறவிங்களுக்கும் நல்லா உழைக்கோணும்னு வேண்டிக்கிட்டு வந்தாருங்க” என்றார்.

மோர் டம்ளரோடு இருவரும் வாசலுக்கு வந்தோம். இவர் பானெட்டின் மேல் கையை வைத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“என்னுங்ணா, இஞ்சின் சுடுது? நாங்க வர்றதுக்குள்ள சூடேத்தி வெச்சுட்டீங்களா?”

“இல்லீங்க தம்பி. கோயிலுக்குப் போயிட்டு வந்தேனுங்க.”

“வண்டி விக்கறவங்க எல்லாரும் அன்னைக்குன்னு பார்த்துத்தானுங்க கோயிலுக்குப் போறாங்க!”

இவர் சிரித்தார். பங்காளிகளில் ஒருவரும் சிரித்துவிட்டார். பெரியவர் முகம் செத்துப்போனது.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே தேங்காய் இருக்கிறது, நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் விலை இறங்கப் போகிறது என்பதும் எனக்குத் தெரிந்தது. டம்ளரைத் தூக்கி மோரைக் குடித்தேன். குடிக்கும்போதே கூசியது. குடித்து முடித்தேன்.

“சரீங்க. நீங்க சொல்ற வெலைக்கே எடுத்துக்குங்க” என்றார் பெரியவர். “பொய் சொன்னேன்னு மட்டும் நெனைக்காதீங்க.”

கிளம்பும்போது அந்த அம்மா தட்டை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். “சாமி தேங்காய்ங்க அம்மிணி. வண்டி உங்கூட்டுக்கு வருதில்லீங்களா, இது உங்களுக்குச் சேர வேண்டியதுங்க.” என்ன சொல்லித் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் வைத்துவிட்ட குங்குமத்தோடு, யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினேன்.

என் மடியில் இருந்த தேங்காயை இவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ரோட்டைப் பிடித்த பிறகுதான் கேட்டார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையாட்டினேன்.

“சொல்லியிருக்கலாமல்ல?”

வாயே திறக்காதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அவரும் காரைத் திருப்பவில்லை, நானும் திருப்பச் சொல்லவில்லை.

நல்ல விலைக்கு அமுக்கிவிட்டீர்கள் என்று தோப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். மார்கழிப் பனியிலும் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரு நாளாவது திணறித் தொலையாதா என்று வரப்பில் நின்று காத்திருக்கிறேன்.