ராஜேஸ்வரி அக்காவின் கடைசிப் பாத்தி

ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மல்லிகா போனில் அழைத்தாள். ராஜேஸ்வரி அக்கா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதே மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் அப்படியே நின்றேன். முந்தைய நாள் மாலைகூட வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, முள்ளங்கிக் கீரை வேண்டுமா என்று கேட்டவர்.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவரை அறியாதவர் இல்லை. அவர் வாயை அறியாதவரும் இல்லை. மலையிலிருந்து இறங்கிய கையோடு லயத்துக்குப் பின்னால் இருந்த தன் தோட்டத்தில் குனிந்துவிடுவார். மற்றவர்கள் லீக்ஸ், கோவா என்று நாள் பிடிக்கும் காய்கறிகளைப் போடுவார்கள். அவருக்கு எப்போதும் முள்ளங்கிதான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நெலம் நம்ம பேர்லயா இருக்கு? எஸ்டேட்டுக்காரங்க திருப்பிக் கேக்குறதுக்குள்ள வெளையிறதத்தான் போடணும் டீச்சர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை உண்மையிலேயே கேட்டார்கள். அங்கே தேயிலைக் கன்று வைக்கப்போவதாகக் எஸ்டேட் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். சேதி காதில் விழுந்து அக்கா முந்தின நாளே எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். "எடம் ரெடிங்க ஐயா" என்று, இலையோடு ஒரு கட்டு முள்ளங்கியை அவர் கையில் திணித்து அனுப்பிவைத்தார். லயமே சிரித்தது. கன்று வந்து சேரவில்லை. அக்கா மறுபடி விதை தூவினார்.

அவர் போனபோது அந்தப் பாத்தி பிடுங்கும் பதத்தில் இருந்தது. அவர் கணவர் சிவலிங்கம் அண்ணன் யாரையும் தொட விடவில்லை. நாள் தப்பினால் கட்டையாகிவிடும் என்று அக்கா எல்லோரையும் விரட்டுவாரே, அதை நினைவூட்டப் போனேன். பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தவர் தலை நிமிரவில்லை.

"தெரியும் டீச்சர். அவ கையால போட்டதுல இதுதான் மிச்சம். புடுங்கிட்டா இதுவும் முடிஞ்சிரும்."

திரும்பி வந்துவிட்டேன்.

கருமாதியன்று காலையில், படையலுக்கு அவள் முள்ளங்கி இல்லாமல் எப்படி என்று அவரே இறங்கிப் பிடுங்கினார். மண்ணைக் கழுவும்போது அழுதார். சாம்பார் கொதித்துக்கொண்டே இருந்தது. முள்ளங்கி வேகவே இல்லை. அக்கா இருந்திருந்தால் எங்களில் ஒருவரையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

சாப்பாட்டில் எல்லோருக்கும் வாயில் நார்தான் மிஞ்சியது. ஒருவரும் தட்டோரம் ஒதுக்கவில்லை. நானும் மென்று மென்று விழுங்கினேன்.

அக்கா, உங்கள் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்த ஒரு வாய் நார்தான். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.