பிரமீளா கண்ட பாறைச்செடி

பிரமீளாவுக்கு நாற்பத்து நான்கு வயதில்தான் தாவரவியல் முதுகலைக்கு இடம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன் வாங்கிய பட்டத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, பதினோரு வருஷம் கண்ணூர்ப் பக்கம் பஞ்சாயத்து வேலையில் புல்லும் புதரும் வெட்டியவள். மகள் நர்ஸ் வேலைக்குப் போன மாதமே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் இரண்டு மாதப் பயிற்சி, பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில். உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள் பீரோ பீரோவாக இருந்தன. அவற்றைப் படமெடுத்து விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். கூட்டாளி நீரஜுக்கு இருபத்திரண்டு வயது.

"சேச்சி, பிடிச்சிருக்கிறது மவுஸா, அரிவாளா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டா. பிடி தளர்ந்தா வேலை நடக்காது."

மூன்றாவது வாரம் ஒரு தாள் கைக்கு வந்தது. விரல் உயரச் செடி, உச்சியில் வெள்ளைப் பொத்தான் போலப் பூ. 1958இல் பறித்தது. ஊர்ப்பெயரைப் படித்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பாறைக் குன்று! கீழே பென்சிலில், 'பிறகு காணப்படவில்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அன்று மதியமே தாளை எடுத்துக்கொண்டாள். பொறுப்பாளர் ஷஹர்பானிடம் போய் நின்றாள்.

"டீச்சர், இதை நான் பார்த்திருக்கேன். பார்த்ததோட விட்டேனா? போன மழைக்குப் பாதை சுத்தம் பண்றோம்னு சுரண்டி எறிஞ்சேன்."

"இதே மாதிரி இருபது வகைச் செடி இருக்கு சேச்சி. விதையை மைக்ரோஸ்கோப்ல பார்க்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை குன்றில் தேடி, திங்களன்று ஒரு கட்டுச் செடியோடு வந்தாள். ஷஹர்பான் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எல்லா வயலிலும் கிடக்கும் சாதாரணச் செடி.

"குன்றையே பிடுங்கிட்டு வந்துட்டீங்களே சேச்சி!" என்றான் நீரஜ். பிரமீளா சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. அவள் சுரண்டியது வடக்குச் சரிவில், பெருமழைக்கு மட்டும் நீர் தேங்கும் பள்ளத்தில். தேடியதோ மேட்டில்.

ஆடி பிறந்து கர்க்கடக மழை வலுக்கும்வரை காத்திருந்தாள். போகும்போது நீரஜும் குடையோடு ஒட்டிக்கொண்டான். குன்றின் ஒரு பக்கத்தைக் கல் வெட்டுகிறவர்கள் தின்றிருந்தார்கள். வெட்டிய விளிம்புக்குப் பத்தடி இப்பால், அந்தப் பள்ளத்தில் கணுக்கால் அளவு நீர். அதில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெள்ளைப் பொத்தான்கள்.

"நிறைய எடுத்துக்கலாம் சேச்சி."

"மூணு போதும். நான் எறிஞ்சதே தாராளம்."

ஷஹர்பான் வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழைய தாளின் விதையை வைத்தாள், புதியதை வைத்தாள், மறுபடி பழையதை.

"சேச்சி, இங்க வாங்க. நீங்களே பாருங்க." நகர்ந்து இடம்விட்டாள். "அதேதான்!"

ஷஹர்பான் பஞ்சாயத்துக்குக் கடிதம் எழுதி, நேரிலும் போய்ப் பேசினாள். பஞ்சாயத்து பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டது. மறுபுறம் கல் வெட்டுவது நிற்கவில்லை. அந்தக் கவலை பிரமீளாவுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பஞ்சாயத்து வேலையில் கூட இருந்த பெண்கள் இருபது பேரையும் அழைத்துப்போய், எதைத் தொடக்கூடாது என்று காட்டினாள்.

"இத்தனூண்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாள் ஒருத்தி. உட்கார்ந்து நெடுநேரம் அவளே பார்த்தாள்.

பயிற்சியின் கடைசி நாள் புதிய தாளை ஒட்டினார்கள். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் நீரஜ் கேட்காமலே தட்டினான்: கே.பி. பிரமீளா.

"இனிஷியல் சரியாடா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை இரு கையாலும் தூக்கி பீரோவுக்குக் கொண்டுபோனாள்.