டிரம்மின் அடியில் ஒரு பிடி

வண்டு என்றாலே எனக்குக் குமட்டும். திருவாரூரில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ அதுகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. அரிசி டிரம் இருக்கும் அறை. மூடியைத் திறந்தால் மூக்கு நீண்ட கறுப்பு வண்டுகள் விளிம்பில் ஏறி வரும். அரிசி களைந்தால் மிதக்கும். ஒருநாள் சோற்றில் ஒன்று வெந்து கிடந்தது. ச்சை! அன்றைக்குப் பட்டினிதான்.

எல்லாம் என் மாமியாரால் வந்த வினை. டிரம்மை அடிவரை காலி செய்யவே விடமாட்டார். எங்கள் வயல் நெல்லை மில்லில் அரைத்துக் கொண்டுவந்ததும், அடியில் கிடக்கும் பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டச் சொல்வார். "ஒரு பிடியாவது கெடக்கணும் புள்ள. வழிச்சு எடுத்தா பரக்கத்து போயிடும்" என்பார். அவர் சொன்ன பரக்கத்து, அந்த விருத்தி வந்ததோ என்னவோ, வண்டு மட்டும் நன்றாகப் பெருகியது.

போன அறுவடைக்குப் பிறகு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அறை ஜன்னலில், எறும்பைவிடப் பொடியாக, இறக்கை வைத்த பூச்சிகள். துணியால் நசுக்கினேன். மறுநாளும் வந்து உட்கார்ந்திருந்தன சனியன்கள். போட்டோ எடுத்து, வேளாண்மை படித்த என் தங்கைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"கொன்னுடாதக்கா. அது குளவி. வண்டோட புழு அரிசிக்குள்ள இருக்கும். இது வெளியேருந்தே குத்தி அந்தப் புழு மேல முட்டை வைக்கும். குளவியோட குஞ்சு அதை உசுரோட தின்னுட்டு வெளிய வரும்."

"எது, நாம திங்கிற அரிசிக்குள்ளயா?"

"ஆமா. உனக்கு நல்லதுதானே பண்ணுது? ஆனா அது மட்டும் பத்தாது. டிரம்மைக் காலி பண்ணிக் கழுவிக் காய வை. அடியில கெடக்குற பழசுலேருந்துதான் வண்டு திரும்பத் திரும்ப வருது."

நல்லதாம் நல்லது! அரிசிக்குள் ஒரு புழு, அதைத் தின்ன இன்னொரு புழு. இதைத்தான் இத்தனை நாளும் குழம்பு ஊற்றிப் பிசைந்து தின்றிருக்கிறோம்.

அன்றே டிரம்மைக் கவிழ்க்கப் போனேன். கண்ணில் புரை விழுந்த மாமியார் சத்தம் கேட்டுத் தடவித் தடவி வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாமி! அருவருப்பா இருக்கு. அடியில என்ன தங்கமா வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் அழுதார். "ஒங்க மாமா மவுத்தாறதுக்கு முந்தி அவர் கையால கொட்டுன அரிசிம்மா. அதுக்கு மேலதான் கொட்டிக்கிட்டு வர்றேன். கைய விட்டுப் பாரேன். இன்னும் இருக்கா, எல்லாத்தையும் அதுங்க தின்னுடுச்சா?"

செத்துப்போன மாமனார் கொட்டிய அரிசியா! எனக்குக் கோபம் போய்விட்டது. அருவருப்பு போகவில்லை. மேலே இருந்த அரிசியையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். மாவுப்பொடி, ஓட்டை விழுந்த அரிசி, செத்த வண்டுகள். முழங்கை வரை குளவிகள் ஏறின. அவ்வளவும் மாவாகிப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. பழுப்பேறிய முழு அரிசியும் கிடந்தது. மாவை ஊதிவிட்டு மாமியாரின் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் நெருடிக்கொண்டே நின்றார்.

"என்னமோ ஊருதே புள்ள?"

அரிசியோடு ஒரு குளவியும் போயிருந்தது.

"ஊரட்டும் மாமி. தட்டிடாதீங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.