பிரபுவின் பனிச் சப்பாத்து

அந்தக் காலத்தில், இந்தக் குளிர்நாட்டில், மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் ஓர் ஆங்கிலக் காதல் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். இருநூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்து. நடன விருந்தில் சப்பாத்தை விட்டுவிட்டு ஓடுவது பெண்ணல்ல, ஒரு பிரபு. அதைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி அலைபவள் ஒரு தையற்காரி. இவளுக்கு வேறு வேலையில்லையா என்று சிரித்தேன்.

ஊரில் யுத்தம் முடிந்து முதல் பங்குனி. முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவரை எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். படத்தில் இடுப்புவரைதான் தெரிந்தார். தொலைபேசியில் கதைத்துக் கதைத்தே அவரை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஊரிலிருந்து வருகிறவருக்கு ஜக்கெற்றும் பனிச் சப்பாத்தும் வாங்கி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கடையில் மலிவு விற்பனை நடந்தது.

"உங்கடை கால் அளவு என்ன?" என்று கேட்டேன்.

லைன் கட்டாகியது. மூன்று கிழமை அவர் போனை எடுக்கவேயில்லை. என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் அழுதுவிட்டு, அவருடைய தங்கைக்கு எடுத்தேன்.

"மச்சாள், அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. சண்டையிலை செல் விழுந்து பட்டது. உங்களிட்டைச் சொல்லப் பயந்துபோய் இருக்கிறார்."

உண்மையைச் சொன்னதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் சாகும்வரை நன்றியுடையவள். அன்றைக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, காலுக்காக அல்ல, மறைத்ததற்காக. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நீர் வேறை ஆளைப் பாரும்," என்றார்.

"விசரே உங்களுக்கு? சப்பாத்து வாங்கியாச்சு. ரெண்டுந்தான்!"

பச்சைப் பொய். அன்று பின்னேரம்தான் ஓடிப்போய், ஒரு குத்துமதிப்பில் வாங்கினேன். அவர் ஓம் என்று சொல்லவில்லை. நான் ஊருக்கு ரிக்கெற் போட்டேன்.

ஆவணி வெயிலில் பனிச் சப்பாத்தோடு அவர் வீட்டில் போய் நின்றேன். தையற்காரியைப் பார்த்துச் சிரித்தவள்! செயற்கைக் கால் பொருத்தியிருந்தார். குந்தியிருந்து நானே போட்டுவிட்டேன். இடது பக்கம் சுகமாக நுழைந்தது. வலதுதான் இறுக்கியது.

"நல்ல காலுக்குத்தான் பத்தேல்லை," என்று சிரித்தார்.

"கழட்டுங்கோ, மாத்தித் தாறன்."

அவர் கழற்றவில்லை. அந்த வெக்கையில், கால் நோக நோக, பின்னேரம்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.