ஒரே பட்டனில் டேவிட்

கேம்ப் ரோடு சிக்னலில், ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களோடு நின்றிருந்தபோது டேவிட்டின் மகன் போன் செய்தான். "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மேடவாக்கம் வரை ஓட்டிப்போய், எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகுதான் அழுதேன்.

அடக்க ஆராதனையில் பேசிய எல்லாரும் அவனைப் பொறுமைசாலி என்றார்கள். தாம்பரம் ஸ்டாண்டில் அவனோடு ஆட்டோ ஓட்டிய எங்களுக்குத் தெரியாதா? ஏறுகிறவர் பையைத் தூக்கி வைப்பதற்குள் கத்துகிற ஆள் அவன். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நரம்பு நோயில் பேச்சும் கைகாலும் போன பிறகு அவனுக்கு மிஞ்சியது வலது கட்டைவிரல். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் ஒரு திரையும் ஒரே ஒரு பட்டனும் வாங்கி மாட்டினான். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது அழுத்த வேண்டும். பிந்தினால் மறுபடி முதலிலிருந்து சுற்று. தமிழில் இத்தனை எழுத்து எதற்கு என்று, எட்டாவது தாண்டாத நான் அன்றைக்குத்தான் பல்லைக் கடித்தேன். நான் கிண்டல் செய்தால், அவன் பதில் வருவதற்குள் டீயும் ஆறிவிடும், கிண்டலும் ஆறிவிடும். வாய்ச்சண்டையில் என்னை ஜெயித்த ஒரே ஆளுக்கு இந்தக் கதி.

"தண்ணி", "வலிக்குது", "நன்றி" எல்லாம் ஒரே அழுத்தில் வரும்படியும் மகன் செய்து கொடுத்திருந்தான். டேவிட் அவற்றைத் தொடவில்லை. "அதெல்லாம் நோயாளி பேச்சு" என்று ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடி எழுதினான்.

ஒருநாள் சபையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். டேவிட் 'ம' என்று அழுத்தினான். மாத்திரை கேட்கிறான் என்று அவன் மனைவி மேரி எழுந்தாள். பெரியவர் கையமர்த்தி, "மன்னிப்பு கேக்குறாரும்மா" என்று ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் கண்ணை மூடினோம். பட்டன் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், திரையில் "மழ வருது துணி" என்று நிற்கிறது. ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்த அவனுக்கு மட்டும்தான் வானம் தெரியும். அந்த 'ழ'வோ வரிசையின் கோடியில் கிடக்கிறது. மாடித் துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துபோயிற்று. நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அடுத்து எழுதியது: "முடிக்க வுடுங்க".

யாரும் விடவில்லை. முதல் எழுத்தைப் பார்த்ததுமே மீதியை வந்தவர்களே சொல்லிவிடுவார்கள். அவன் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வான். அதற்குத்தான் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் போனபோது, "மச்சான், நீ இல்லாம ஸ்டாண்டு நிம்மதியா கீது" என்று வம்புக்கு இழுத்தேன். அவன் 'நீ' என்று அழுத்தினான். அடுத்த எழுத்தைத் தேடி வெளிச்சம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கை ஓய்ந்து தூங்கிவிட்டான். பிறகு அவன் எழுதவில்லை.

"நீ நல்லா இருன்னு சொல்ல வந்திருப்பாருண்ணா" என்கிறாள் மேரி. மகன் வேறொன்று சொல்கிறான். டேவிட் வழக்கமாக என்னைத் திட்டுகிற திட்டெல்லாம் என் நாக்கு நுனியிலும் வந்து நிற்கிறது. எதையும் சேர்க்க மாட்டேன். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு எழுத்துதான்.