முளைக்குச்சி வீட்டுக் கன்றுகள்

நேரில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் ‘முளைக்குச்சி’தான். மாடு கட்ட அடித்து இறக்கிய முளை மாதிரி, ஓரிடத்தில் நின்றால் நின்றதுதான். பால் வண்டி ஓட்டிய காலத்தில் தினமும் காலையில் அவள் வாசலில் கேன் ஏற்றியவன் நான். நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள்.

அவளும் கணவனும் கொழுந்தனும் ஒரே கொட்டகையில் மாடு வைத்திருந்தார்கள். கணவன் அதிகம் வாய் திறக்காத மனிதர். சாணி அள்ளுவதும் புல் வெட்டுவதும் அவர் பாடு. சந்தை, தரகர், பேரம் எல்லாம் கொழுந்தன் கையில். கறவை அவள் கையில்.

அவளுடைய சின்ன மகளுக்குக் கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி வந்தது. பல்வலி என்றார்கள், சளி என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் அது மாட்டிடமிருந்து வந்த காசநோய் என்று தெரிந்தது. கறக்கும்போதே நுரையோடு ஒரு டம்ளர் குடிப்பது பிள்ளைக்கு வழக்கம். கறந்து கொடுத்தது அம்மா. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிப் பிள்ளை தேறினாள். கழுத்தில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. நோய் இருந்த மாட்டைக் கால்நடைத் துறை ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். நலம் விசாரிக்க வந்த ஒருத்தி எல்லாம் தலையெழுத்து என்று ஆரம்பித்தாள்.

“தலையெழுத்து இல்லக்கா, பச்சைப் பால்,” என்று அவள் பேச்சை அங்கேயே வெட்டிவிட்டாள்.

அதன் பிறகு அவள் வீட்டில் காய்ச்சாத பால் யார் வாயிலும் படவில்லை. ஆனால் கொட்டகையில் கன்றுகள் பிறந்துகொண்டேதான் இருந்தன. அவை காய்ச்சிய பாலா குடிக்கும்? இந்தக் கேள்வியோடு அவள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, பிறந்த கன்றுகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அதிலுள்ள இரண்டு குறைகளையும் மறைக்காமல் சொன்னார். ஊசி போட்டாலும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது. அதோடு, பின்னால் வழக்கமான தோல் பரிசோதனை செய்தால், நோய் மாட்டுக்கு வருகிற அதே வீக்கம் நோயில்லாத கன்றுக்கும் வரும். எது ஊசியால் வந்தது, எது நோயால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேறொரு பரிசோதனை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீக்கம் என்ற சொல் காதில் விழுந்ததுமே தரகர் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டார். நோய் மாடு என்று பேர் வந்தால் சந்தையில் எவன் தொடுவான் என்று ஏற்றிவிட்டார். டீக்கடைக்காரருக்கோ வேறு பயம். ஊசி போட்ட பால் தன் கடைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். “மாமா, அந்தக் கன்னுங்க இன்னும் பால் குடிக்குதுங்க, கறக்கல,” என்று அவள் பதில் அனுப்பினாள்.

ஊசி போடும் நாள் வந்தது. நான் கேனை ஏற்றிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பெட்டியோடு உள்ளே நுழையும்போது கொழுந்தன் கொட்டகை வாசலில் கையை அகட்டி நின்றான்.

“அண்ணி, கன்னுல எனக்கும் பாதி இருக்கு. என் பாதிக்கு ஊசி வேணாம்.”

“எந்தப் பாதி தம்பி? தலைப் பக்கமா, வால் பக்கமா?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியென்றால் பிரித்துவிடலாம் என்று மிரட்டினான். பிரிவினை என்றால் அவள் பின்வாங்குவாள் என்று நினைத்திருப்பான். அவளோ இப்போதே பிரிக்கலாம், நீயே முதலில் எடுத்துக்கொள் என்றாள். வாட்டசாட்டமான நான்கை அவன் ஓட்டிக்கொண்டு போனான். மிச்சம் நான்கு, அதில் ஒன்று நிற்கவே தடுமாறியது.

அவள் உட்கார்ந்து முதல் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த கன்று துள்ளி ஓடியது. கணவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அதை மடக்கிப் பிடித்தார். “பிடிச்சுட்டேன், போடுங்கம்மா,” என்றார். அந்த வீட்டில் அவர் ஒருவர் பக்கம் நின்றது அந்த ஒரு முறைதான் என்று அவள் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வாரத்தில் கொட்டகைக்கு நடுவே சுவர் எழும்பியது.

கன்றுகள் வளர்ந்து கிடேரிகளான பிறகு ஊர் மாடுகளுக்கெல்லாம் தோல் பரிசோதனை வந்தது. அவளுடைய நான்குக்கும் வீக்கம். தரகர் தெருமுனையில் நின்று, அப்போதே சொன்னேனே என்றார். கொண்டுபோக வண்டியும் வந்துவிட்டது. அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“பிரிச்சுச் சொல்ற பரிசோதனை இருக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதைச் செய்யாம என் மாட்டுக் கயித்தை ஒருத்தரும் அவிழ்க்கக் கூடாது.”

வண்டி காலியாகத் திரும்பியது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கணவன் என்னிடம் சொன்னார். மூன்றுக்கு நோயில்லை. ஒன்றுக்கு நோய் இருந்தது. அன்று தடுமாறிய கன்று அல்ல, துள்ளி ஓடியது. அதை யாரிடமும் கொடுக்காமல் அவளே நடத்திக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். திரும்பி வந்து கொட்டகையைக் கழுவத் தொடங்கினாள், இருட்டும்வரை கழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஊசி போடாத நான்கில் மூன்றுக்கு நோய் இருந்து அவையும் வண்டியேறிப் போயின. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஈற்றில் டாக்டரம்மா வந்த அன்று, கொழுந்தன் தன் புதுக் கன்றை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். “இறுக்கிப் பிடிங்க தம்பி, இதுக்குக் கொஞ்சம் பழக்கம் வேணும்,” என்றாள். அவன் இறுக்கிப் பிடித்தான்.

பால் சங்கக் கூட்டத்தில் தலைவர் அவளைப் பார்த்து, ஊசி போட்டும் ஒன்று போய்விட்டதே, பிறகு எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டார். அவள் எழுந்தாள்.

“போச்சு. என் கையாலதான் ஏத்தி விட்டேன். மூணு நிக்குது, வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் வீண் வேலைன்னு சொல்லுங்க.”

தலைவர் வந்து பார்க்கவில்லை. அந்த முறை ஊரில் பாதி வீடுகள்தான் கன்றுகளை ஓட்டிவந்தன. மீதி வீடுகளின் வாசலில் அவள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.